வரி இல்லை என்றால் வாசல் திறந்திருக்கிறதா?

மாலை நாலு மணித் தேநீருக்கு எனக்கு வெல்ட் கீ பக்கம்தான் பிடிக்கும். ஃபெர்ரி கிளம்பும் சத்தம் காதில் விழும். கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த் கரையில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்கள் வரிசையாக நிற்பது தெரியும். போன வாரம் அங்கே என் எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா மகன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். சீனாவில் ஓடும் ஒரு சின்ன மின்சாரக் கார். "நம்ம காசுக்கு நாற்பது, நாற்பத்தைந்தாயிரம் வெள்ளிதான் வருது மாமா. இங்கே நாலு வருஷம் மின்சாரக் காருக்கு வரியே இல்லாம இருந்துச்சு. அப்பவும் வெளிநாட்டு பிராண்ட் பெரும்பாலும் லட்சத்தை விட்டுக் கீழே இறங்கலையே, ஏன்? நாமே ஒண்ணை வாங்கி இந்தத் துறைமுகத்துல இறக்கியிருக்கக் கூடாதா? ஒரு காலத்துல இது ஃபிரீ போர்ட்தானே?"

நல்ல கேள்வி. பினாங்குக்காரர்களுக்குத்தான் இப்படிக் கேட்கத் தோன்றும். அதனால் பதிலையும் பினாங்கிலிருந்தே தொடங்குவோம். தே தாரேக் ஆறுவதற்குள் முடியாது, இன்னொன்று சொல்ல வேண்டிவரும்.

1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியதும் செய்த முதல் காரியங்களில் ஒன்று, துறைமுகத்துக்குள் வரும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது என்று அறிவித்தது. பக்கத்துத் துறைமுகங்களில் வரி கட்டிச் சலித்த வணிகர்கள் இங்கே திரும்ப வேண்டும் என்பது எண்ணம். திரும்பினார்கள். நாகப்பட்டினத்திலிருந்தும் நாகூரிலிருந்தும் நம் ஆட்கள் துணி மூட்டைகளோடு வந்தார்கள். படகோட்டவும் மூட்டை தூக்கவும் வந்தவர்கள் துறைமுகத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே தங்கினார்கள். லெபோ குயினில் 1833 முதல் நிற்கும் மாரியம்மன் கோயில் அவர்களுக்கெல்லாம் நடுவில் எழுந்ததுதான். அந்த ஃபிரீ போர்ட் தகுதி 1969-இல் பறிபோனது. அதைப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அதனால்தான் 'வரி இல்லை' என்று கேட்டதும் இந்த ஊரில் மனசு தானாகவே 'அப்படியானால் யாரும் எதையும் கொண்டுவரலாம்' என்று முடித்துக்கொள்கிறது.

ஆனால் அந்த ஃபிரீ போர்ட் காலத்திலேயே எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. அபினும் சாராயமும் விற்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கும்பெனி ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. குத்தகை எடுத்தவர் மட்டும் விற்கலாம். சுங்கம் ஒரு கணக்கு, அனுமதி வேறு கணக்கு. மின்சாரக் கார் விஷயத்தில் எல்லாரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அங்கே போவதற்கு முன் வரியை ஒருமுறை பார்த்துவிடுவோம், ஏனென்றால் வரி எவ்வளவு என்று தெரிந்தால்தான் அது எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்கவில்லை என்று தெரியும்.

ஒரு கார் நம் கரையில் இறங்கும்போது அதற்கு ஒரு விலை இருக்கும். வண்டியின் விலை, கப்பல் கூலி, கடல் காப்புறுதி மூன்றும் சேர்ந்தது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் இதை சிஐஎஃப் என்பார்கள். நாம் 'வந்திறங்கிய விலை' என்று வைத்துக்கொள்வோம். வரி இதன்மேல்தான் ஏறும், அதுவும் மூன்று முறை. முதலில் இறக்குமதி வரி. இரண்டாவது கலால் வரி. மூன்றாவது விற்பனை வரி.

மூன்றும் தனித்தனியாக வந்திறங்கிய விலையின்மேல் போடப்படுவதில்லை. இறக்குமதி வரி சேர்ந்த தொகையின்மேல் கலால். அந்த இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் விற்பனை வரி. வட்டிக்கு வட்டி மாதிரி. லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்திருந்த செட்டியார்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருந்திருக்காது.

ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். வந்திறங்கிய விலை 50,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பெட்ரோல் கார். இறக்குமதி வரி 30 விழுக்காடு என்றால் 15,000, மொத்தம் 65,000. பெட்ரோல் வண்டிகளுக்குக் கலால் வகையைப் பொறுத்து 60 முதல் 105 விழுக்காடு வரை போகும். 75 என்று எடுத்தால் 48,750 சேர்ந்து 1,13,750 ஆகிவிடும். அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி. 1,25,125. விற்பனையாளரின் லாபம் இன்னும் சேரவில்லை. ஐம்பதாயிரத்துக்கு வந்த வண்டி கதவைத் தாண்டுவதற்குள் இரண்டரை மடங்கு. இங்கே வெளிநாட்டுக் கார் ஏன் இவ்வளவு விலை என்று அலுத்துக்கொள்வோமே, அதன் முதல் காரணம் இந்த அடுக்கு.

அதே ஐம்பதாயிரத்துக்கு மின்சாரக் கார். கலால் இங்கே சின்னது. 10 விழுக்காடு என்று போடுவோம். 65,000 என்பது 71,500 ஆகும். விற்பனை வரியோடு 78,650. இந்த இறக்குமதி வரியும் கலாலும் இரண்டுமே இல்லை, விற்பனை வரி மட்டும் உண்டு என்றால்? 55,000. சலுகைக் காலத்தில் இருந்த நிலை இதுதான்.

அக்கா மகன் அந்தக் கடைசி எண்ணின்மேல் விரலை வைத்தான். "ஐம்பத்தைந்து. விற்கிறவர் லாபம், மற்ற செலவு எல்லாம் போட்டாலும் எழுபது. அப்புறம் எப்படி மாமா லட்சம் ஆச்சு?"

அந்த இடைவெளிக்குள்தான் இனி நுழையப் போகிறோம். முதலில் சலுகையின் கதையைச் சுருக்கமாக. 2021 அக்டோபர் 29 அன்று, அப்போது நிதியமைச்சராக இருந்த தெங்கு ஜஃப்ருல் 2022-க்கான வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தபோது மின்சாரக் கார்களுக்கான வரிவிலக்கை அறிவித்தார். முழு வண்டியாக இறக்கப்படும் காருக்கு இறக்குமதி வரியும் கலாலும் இல்லை. இந்த வகையை வியாபாரிகள் சிபியூ என்பார்கள். உதிரிபாகங்களாக இறக்கி இங்கே பொருத்தினால் அது சிகேடி. அதற்குப் பாகங்களின்மேல் இறக்குமதி வரி இல்லை, கலாலும் விற்பனை வரியும் இல்லை. சாலை வரியும் கிடையாது. கெடுக்கள் சில முறை தள்ளிவைக்கப்பட்டு, கடைசியில் இப்படி நின்றன: முழு வண்டிக்கு 2025 டிசம்பர் 31 வரை, இங்கே பொருத்தும் வண்டிக்கு 2027 டிசம்பர் 31 வரை. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கும் இரண்டு வருட இடைவெளியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

இப்போது அந்தத் தடுமாற்றத்துக்கு வருவோம். வரியைச் சொல்வது ஒரு சட்டம். எந்தப் பொருள் நாட்டுக்குள் வரலாம் என்று சொல்வது வேறொரு ஆணை. அதன் பெயரே இறக்குமதித் தடை ஆணை. அந்தப் பட்டியலில் கார் இருக்கிறது. அதாவது கார் இறக்குமதிக்குத் தொடக்க நிலையே 'கூடாது' என்பதுதான். உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டும் அந்தக் 'கூடாது' விலகும். அந்த உரிமத்தைத்தான் நாம் ஏபி என்று கேள்விப்படுகிறோம். கொடுப்பது மித்தி, அதாவது முதலீடு, வணிகம், தொழில்துறை அமைச்சு. வரி விலக்கு என்பது முதல் சட்டத்தில் ஒரு வரியை அழிப்பது. இரண்டாவது ஆணையில் ஒரு எழுத்துகூட அதனால் மாறாது.

ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பந்தியில் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லை. அதற்காகத் தெருவில் போகிறவர் எல்லாரும் இலை முன் உட்கார்ந்துவிட முடியுமா? பத்திரிகை வந்திருக்க வேண்டும். சாப்பாடு இலவசம் என்பது ஒரு முடிவு, யாருக்குப் பத்திரிகை என்பது இன்னொரு முடிவு. இரண்டையும் எடுப்பவர் ஒரே வீட்டுக்காரராக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு.

ஏபி இன்று நேற்று வந்ததல்ல. கார் வியாபாரத்தில் பூமிபுத்ராக்கள் காலூன்ற வேண்டும் என்று 1970-களில் கொண்டுவரப்பட்டது. இன்று அதில் இரண்டு பெரிய வகை. ஒரு பிராண்டின் அதிகாரபூர்வ விநியோகஸ்தருக்குக் கிடைப்பது ஒன்று. பயன்படுத்திய வண்டிகளை, ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் ரீகண்ட் என்று நாம் வாங்குகிறோமே அவற்றை, கொண்டுவருபவர்களுக்குக் கிடைக்கும் திறந்த ஏபி இன்னொன்று. இந்த இரண்டாவது வகையில் 2010 முதல் ஒரு வண்டிக்கு 10,000 ரிங்கிட் கட்டணமும் உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பும் மலேசியர் தம் சொந்த வண்டியைக் கொண்டுவர ஒரு தனி வழி இருக்கிறது, அதற்கென்று நிபந்தனைகளும் இருக்கின்றன. ஆனால் கைப்பேசியில் பார்த்த காரை வாங்கி ஒரு கப்பலில் போட்டுவிட்டுத் துறைமுகத்தில் காத்திருக்கும் மருமகனுக்கு என்று ஒரு ஏபி வகை இல்லை.

சரி, ஏபி உள்ள விநியோகஸ்தர் ஏன் அந்தச் சின்னக் காரைக் கொண்டுவந்து எழுபதாயிரத்துக்கு விற்கவில்லை? ஏபியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. சலுகைக் காலத்தில் முழு வண்டியாக இறக்கப்படும் வெளிநாட்டு பிராண்ட் மின்சாரக் காரை 1 லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக் கூடாது. மேலே கூரை போட்டு விலையைக் கட்டுப்படுத்துவதைப் பெட்ரோலிலும் சீனியிலும் பார்த்திருக்கிறோம். இங்கே போட்டது தரை. அதற்குக் கீழே விலை இறங்காது.

இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வரியை எடுத்த அரசே விலைக்குத் தரையும் போடுமா? போட்டது. வரிவிலக்கை அறிவித்த அதே தெங்கு ஜஃப்ருல்தான் 2022 டிசம்பர் முதல் மித்தியின் அமைச்சராக இருந்து அந்தத் தரையையும் காத்துநின்றார். இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள சந்தையில்தான் பெரோடுவாவும் புரோட்டோனும் வாழ்கின்றன. ரவாங்கிலும் தஞ்சோங் மாலிமிலும் உள்ள தொழிற்சாலைகளும், அவற்றுக்குக் கண்ணாடியும் இருக்கையும் கம்பிக்கட்டும் செய்துகொடுக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளும் அந்த விலையில்தான் மூச்சுவிடுகின்றன. வரியில்லாத ஐம்பத்தைந்தாயிரம் ரிங்கிட் வண்டி அங்கே இறங்கியிருந்தால் அவர்கள் மின்சாரக் கார் செய்யக் கற்றுக்கொள்ளும் முன்பே கடையை மூட வேண்டியிருக்கும். 2025 டிசம்பரில் பெரோடுவா தன் முதல் மின்சாரக் காரைக் கொண்டுவந்தபோது அதன் விலை 80,000 ரிங்கிட், மின்கலத்துக்குத் தனியாக மாத வாடகை. தரைக்குக் கீழே காலியாக விட்டிருந்த இடம் யாருக்காக என்று அன்று தெரிந்தது. வாங்குகிறவன் என்ற இடத்திலிருந்து பார்த்தால் எனக்கும் வருத்தம்தான். பட்டறைக்காரன் இடத்திலிருந்து பார்த்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

ஏபியும் கிடைத்து, விலையும் தரைக்கு மேலே இருந்தால் வண்டி சாலைக்கு வந்துவிடுமா? இன்னொரு கதவு இருக்கிறது. அது ஜேபிஜே, சாலைப் போக்குவரத்துத் துறை. ஒரு மாடல் இந்த நாட்டின் சாலைக்குத் தகுதியானதா என்று அங்கே சான்று வாங்க வேண்டும். நம் சாலைக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வேண்டும். சீனாவில் கடையில் நிற்கும் வண்டிக்கு அது இடப்பக்கம். மருமகனின் திட்டம் இந்த ஒரு காரணத்துக்காகவே நின்றிருக்கும்.

இந்தக் கதவில்தான் புகை விதிகள் வருகின்றன. யூரோ 4, யூரோ 5 என்று கேள்விப்படுகிறோமே, அவை புகைக்குழாயிலிருந்து என்னென்ன எவ்வளவு வெளியே வரலாம் என்பதற்கான அளவுகோல்கள். வண்டி மட்டும் நன்றாக இருந்து எண்ணெய் அழுக்காக இருந்தால் பயனில்லை என்பதால் எண்ணெய்க்கும் அதே பெயரில் தரம் உண்டு. நம் ரான் 95 பெட்ரோல் 2020-இல்தான் யூரோ 4-க்கு வந்தது, அதாவது கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு. டீசல் 2021-இல் யூரோ 5 ஆனது. அதற்கு முன் 500 பங்கு இருந்த கந்தகம் 10 பங்காக இறங்கியது. அரிசியில் கல் பொறுக்குவது போல எண்ணெயிலிருந்து கந்தகத்தைப் பொறுக்கி எடுக்கிறார்கள். அதற்குச் சுத்திகரிப்பு ஆலையில் பெரிய செலவு. ஆண்டுகள் பிடித்ததும் அதனால்தான்.

மின்சாரக் காருக்குப் புகைக்குழாயே இல்லை. அதனால் இந்த அளவுகோல்கள் அதன் முன் பேசாமல் ஒதுங்கிக்கொள்கின்றன. விதியே இல்லை என்று அர்த்தமில்லை, விதி இடம் மாறுகிறது. புகைக்குப் பதில் மின்கலத்தைப் பார்க்கிறார்கள். ஐநா விதி 100 என்று ஒன்று இருக்கிறது. மின்கலத்தை அதிரவைத்து, சூடாக்கி, நெருப்பின்மேல் பிடித்து, மோதவைத்து, அப்போதும் உள்ளே இருப்பவருக்கு மின்சாரம் தாக்காமலும் தீ பாயாமலும் இருக்கிறதா என்று சோதிக்கும் விதி அது. கப்பலிலும் அப்படித்தான். லித்தியம் மின்கல வண்டி ஒன்பதாம் வகை அபாயச் சரக்கு. அதற்கென்று ஐநா எண் 3556 தனியாக ஒதுக்கப்பட்டு 2026 தொடக்கத்திலிருந்து கட்டாயமாகிவிட்டது. துறைமுகத்தில் வேலை செய்கிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், அந்த எண் சரக்குப் பட்டியலில் இருந்தால் பெட்டியை எங்கே அடுக்குவது என்பதே மாறிவிடும்.

ஐரோப்பாவில் இந்தப் புகை விதிக்கு இன்னொரு பல் இருக்கிறது. அங்கே ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் விற்கும் கார்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள். கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் கரியமில வாயு என்ற வரம்பைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு கிராமுக்கும் 95 யூரோ, அதை விற்ற கார்களின் எண்ணிக்கையால் பெருக்கி அபராதம். ஆகவே ஐரோப்பாவில் மின்சாரக் காரை விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி தயாரிப்பாளர் கழுத்தில் இருக்கிறது. மலேசியாவில் அப்படி ஓர் அபராதம் இல்லை. தள்ளுகிற கை இல்லாததால் இழுக்கிற கையாகிய வரிச்சலுகையே முழு வேலையையும் செய்ய வேண்டியிருந்தது.

புகை என்றதும் மனசாட்சிக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகைக்குழாய் இல்லையென்றால் புகையே இல்லையா? அந்தக் கரையில் பிறையில் ஓர் எரிவாயு மின் நிலையம் இருக்கிறது. தெற்கே பேராக் மஞ்சோங்கில் நிலக்கரி எரிகிறது. தீபகற்பத்தின் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுக்கும் கார் என்றால் பதினொரு கிலோவைத் தாண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஏழு லிட்டர் குடிக்கும் பெட்ரோல் கார், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம், பதினாறு கிலோ விடும். வித்தியாசம் உண்மையானது, ஆனால் பதினாறுக்கும் சுழியத்துக்கும் உள்ள வித்தியாசம் அல்ல. லெபோ சூலியாவில் நடப்பவர் மூக்குக்குப் போகும் புகை நிற்கிறது என்பது வேறு, அது இப்போதே முழு லாபம். வானத்துக்குப் போகும் கணக்கு மட்டும் மஞ்சோங்கில் என்ன எரிகிறது என்பதைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

இப்போது அந்த இரண்டு தேதிகளை எடுப்போம். முழு வண்டிக்கு 2025, பொருத்தும் வண்டிக்கு 2027. சலுகையின் நோக்கம் நமக்கு மலிவாகக் கார் கிடைப்பது மட்டும் என்றால் இரண்டுக்கும் ஒரே தேதி வைத்திருக்கலாம். இரண்டு வருட வித்தியாசம் யாருக்கோ எழுதப்பட்ட கடிதம். விலாசம் தொழிற்சாலைக்காரர்: 'முதலில் முழு வண்டியைக் கொண்டுவந்து விற்றுப் பார். மக்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் இங்கேயே பொருத்த வா. வந்தால் இன்னும் இரண்டு வருடம் உண்டு. வராவிட்டால் 2026-இல் உனக்கு வரி திரும்பும்.'

பினாங்குக்கு இந்தக் கடிதம் புதிதில்லை. 1969-இல் ஃபிரீ போர்ட் போனபோது ஊரில் வேலை இல்லாமல் இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். மூன்றே வருடத்தில், முதலமைச்சர் லிம் சோங் யூவின் காலத்தில், பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலம் எழுந்தது. 1972-இல் இன்டெல் வந்தது, அதைச் சுற்றி மற்றவர்கள் வந்தார்கள். வரியில்லாச் சலுகை போய்விடவில்லை, கை மாறியது. முன்பு வாங்கி விற்கும் வணிகருக்கு இருந்தது, பிறகு செய்து அனுப்பும் ஆலைக்குப் போனது. 'இங்கே வந்து செய், பாகத்துக்கு வரி இல்லை' என்ற அதே வாக்கியம்தான் ஐம்பது வருடம் கழித்து மின்சாரக் காருக்கும் எழுதப்பட்டது.

கடிதத்துக்குப் பதிலும் வந்தது. 2022-இல் ஷா ஆலமில் வோல்வோ ஒரு மின்சாரக் காரைப் பொருத்தத் தொடங்கியது. பிறகு பெக்கானில் மெர்சிடிஸ். புரோட்டோன் தஞ்சோங் மாலிமில் மின்சாரக் காருக்கென்றே ஆலை கட்டி 2025-இல் திறந்தது. நமக்குப் பக்கத்தில் கெடாவின் கூலிமிலும் குருணிலும் பல பிராண்டுகளுக்குப் பொருத்தித்தரும் ஆலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. டெஸ்லா மட்டும் வேறு வழியில் வந்தது. 2023-இல் மித்தியின் ஒரு தனித் திட்டத்தின்கீழ், உள்ளூர் விநியோகஸ்தர் இல்லாமல் தானே இறக்கி விற்க அதற்கு அனுமதி கிடைத்தது. கல்யாண வீட்டில் வாசலில் நின்று அழைத்துவரப்படும் விருந்தாளிகள் சிலர் எப்போதும் உண்டு.

அண்டை வீட்டில் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இந்த எண்ணம் இன்னும் தெளிவாகத் தெரியும். ஹாட்யாய்க்குப் போய்வருகிறவர்கள் அங்கே சீன மின்சாரக் கார்கள் சர்வசாதாரணமாக ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். தாய்லாந்து 2022-இல் இறக்குமதிக்குச் சலுகையும் மானியமும் கொடுத்தது. ஆனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு: இப்போது இறக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் 2024-இல் ஒரு வண்டியை இங்கே செய்துதர வேண்டும், 2025-க்குத் தள்ளிப்போட்டால் ஒன்றுக்கு ஒன்றரை. கைமாற்று வாங்கியவர் தாமதித்தால் சேர்த்துக் கட்டுவது மாதிரி. மலேசியா தேதியால் சொன்னதைத் தாய்லாந்து எண்ணிக்கையால் சொன்னது.

இந்தியாவும் 2024 மார்ச்சில் இதே மாதிரி ஒரு திட்டம் அறிவித்தது. மூன்று வருடத்தில் ஆலை கட்டி 4,150 கோடி ரூபாய் முதலிட ஒப்புக்கொள்ளும் நிறுவனம், ஆண்டுக்கு 8,000 வண்டிகள் வரை 15 விழுக்காடு வரியில் இறக்கலாம். ஆனால் வண்டியின் வந்திறங்கிய விலை 35,000 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது. பாருங்கள், அங்கேயும் ஒரு தரை. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் கட்டிய ஆலையை 2025 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்தார். பாகங்களைக் கப்பலில் கொண்டுவந்து துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே பொருத்துகிறார்கள். நம் முன்னோர் கப்பலேறிய அந்தக் கடற்கரைக்கு இப்போது காரின் எலும்புகள் பெட்டியில் வந்திறங்குகின்றன என்பதைப் படித்தபோது எனக்கு மனசு ஏனோ நிறைந்தது.

"சரி மாமா, இப்போ 2026 ஆச்சு. இனி வாங்கினா வரியோடதானா?" என்றான்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணக்கில் வருவது நாம் முன்பணம் கட்டிய தேதியில்லை. சாவி வாங்கிய தேதியும் இல்லை. சுங்கத்தில் அந்த வண்டிக்கு வரி தீர்க்கப்பட்ட நேரம்தான் முக்கியம். முழு வண்டிகள் பெரும்பாலும் கிள்ளான் துறைமுகத்தில்தான் இறங்குகின்றன. அங்கே முதல் எண் பாரம், கே1 என்பார்கள், அதை நிரப்பிக் கணக்கு முடித்தால்தான் வண்டி சுங்கப் பூட்டிலிருந்து வெளியே வரும். 2025 முடிவதற்குள் கணக்கு முடிந்த வண்டிகளைப் பல நிறுவனங்கள் இருப்பில் சேர்த்துவைத்தன. அவை 2026-இல் விற்கப்பட்டாலும் பழைய கணக்குதான். அதற்குப் பின் வந்தவற்றுக்கு வரி உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில்லை. எந்த நாட்டில் செய்தது என்பதைப் பொறுத்து மாறும். ஆசியானுக்குள் செய்து, மதிப்பில் 40 விழுக்காடு இந்த வட்டாரத்திலேயே சேர்ந்தது என்று 'டி' பாரத்தால் காட்டினால் இறக்குமதி வரி இல்லை. சீனாவுக்கு 'இ' பாரம். பிறப்புச் சான்றிதழ் மாதிரி, வண்டியின் ஜாதகம் அந்தத் தாளில் இருக்கிறது. அதனால் ஒரே பிராண்ட், ஒரே மாடல், தாய்லாந்தில் செய்ததும் சீனாவில் செய்ததும் கரையில் வெவ்வேறு விலைக்கு இறங்கலாம்.

சாலை வரியும் 2026 ஜனவரி 1 முதல் திரும்பிவிட்டது. பெட்ரோல் காருக்கு இயந்திரத்தின் கொள்ளளவு, சிசி, பார்ப்பார்கள். மின்சாரக் காருக்கு மோட்டாரின் பலம், கிலோவாட்டில். மிகச் சின்ன மோட்டாருக்கு 20 ரிங்கிட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். பழைய விகிதத்தைவிட வெகுவாகக் குறைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். வீட்டில் சார்ஜர் வைத்தால் அந்தச் செலவில் 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவன் கணக்குப் போட்ட தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நாளை கடைக்குப் போய் வண்டியின் நிறத்தைக் கேட்பதற்கு முன் அது முழுதாக வந்ததா பொருத்தியதா, எப்போது சுங்கம் முடிந்தது, எந்தப் பாரம் என்று கேட்கப் போகிறானாம். கேட்கட்டும். விற்கிறவருக்கும் அது பிடிக்கும், தெரிந்தவனிடம் பேசுவது சுலபம்.

"அப்போ நம்ம துறைமுகத்துல மின்சாரக் கார் இறங்கவே இறங்காதா?" என்று எழும்போது கேட்டான். நான் எதிர்க்கரையைக் காட்டினேன். ஒரு கிரேன் பெட்டி ஒன்றைத் தூக்கி மெதுவாக லாரியின்மேல் வைத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து நெடுஞ்சாலை பிடித்தால் கூலிம் அரை மணி நேரம், குருண் ஒரு மணி நேரம். சக்கரத்தோடு உருண்டு இறங்குவது வேறெங்கோ இருக்கட்டும். கதவும் கம்பியும் மோட்டாரும் தனித்தனிப் பெட்டியில் வந்தால் அதை வெளியிலிருந்து பார்த்துக் கார் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் லாரி வளைவில் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.